கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பார்த்தவர்கள்

பாம்புக்கடிக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஒரு மனிதரைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். முடிவெட்டுகிறவர் நம் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். "பாம்பு எங்கய்யா ஆளக் கொல்லுது, பயம்தான கொல்லுது" என்பது எங்கள் ஊர் நைனார்பாளையம் டீக்கடையில் என்னுடைய பிரசித்தி பெற்ற வசனம். கரும்பு வயலில் கடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, இளைத்துப்போய்த் திரும்பி வந்த ஒருவரிடமே அதைச் சொல்லிச் சிரித்தவன் நான். "உன்னக் கடிக்கும்போது தெரியும்யா" என்றார் அவர் சம்சாரம்.

அந்த அம்மாளுக்கு நல்ல வாக்கு.

மலை மேல் இருக்கிற கரியாலூருக்குப் போனது என் மச்சானால். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கேயாவது தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது என்று கேள்விப்பட்டால் அதன் அடியில் தலையைக் கொண்டுபோய் வைக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. மலையில் நல்ல மழை, அருவி நிரம்பி ஓடுகிறது, வா மாமா என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மலை மேல் ஒரு கடையில் டீ குடித்தோம். கொதிக்கக் கொதிக்க வாங்கி, அவசரத்தில் உறிஞ்சி, நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன். இந்த நாக்கு விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளாததால்தான் செத்துப் பிழைத்தேன்.

டீ குடித்தவன் ஒதுங்கத்தானே வேண்டும். கடைக்குப் பின்னால் புதர் ஓரமாக வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்ப்பதற்குள் சருகுக்குள் ஏதோ நீளமாகப் போனது. என்ன நிறம், என்ன தடிமன், தலை எப்படி இருந்தது, எதுவும் தெரியாது. நீளமாகப் போனது, அவ்வளவுதான். கணுக்காலில் கீறல் மாதிரி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளியில் துளி ரத்தம்.

ஊரையே சிரிக்க வைக்கிறவன் என்று பெயர் வாங்கியவன், அப்போது போட்ட சத்தத்தில் கடைக்காரரின் நாய் ஓடிப்போய்விட்டது.

மச்சான் பறந்து வந்தான். என் தோளில் கிடந்த துண்டை உருவி முழங்காலுக்குக் கீழே கட்டினான். நெல் மூட்டை கட்டிப் பழகிய கை. காலை இறுக்கி, முட்டியை ஊன்றி, இன்னொரு முறுக்கு முறுக்கினான். "இன்னம் கொஞ்சம் இறுக்குடா" என்று நானே ஊக்கப்படுத்தினேன். கால் மரத்துப்போய் நீலமாகத் தொடங்கியபோது இரண்டு பேருக்கும் பரம திருப்தி. விஷத்தைத் தடுத்து நிறுத்திவிட்டோம் அல்லவா.

கடைக்காரர் நிதானமான மனிதர். உள்ளே போய் நாலு மிளகு எடுத்து வந்தார். "இத மென்னு பாருங்க சார். காரமா இருந்தா ஒன்னும் இல்ல. காரமே தெரியலன்னா விஷம் ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

மென்றேன். காரம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாக்கைத்தான் அவர் டீயிலேயே வேக வைத்துவிட்டேனே. ஆனால் சாவு பயத்தில் இருக்கிறவனுக்கு டீ ஞாபகம் வருமா?

"காரம் இல்லீங்க. மண்ணு மாதிரி இருக்குது."

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கடைக்காரரைப் பார்த்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் பார்க்கிற அதே பார்வை. "பேசாம கீழ இட்டுக்கினு போங்க" என்று கடைக்காரர் மச்சானிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். பக்கத்தில் இருக்கிற என் காதில் விழாதாம்.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு வண்டியில் பழங்களோடு பழமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். மலைப்பாதை வளைவுகளில் ஒவ்வொரு பலாவும் என் மேல் வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. சிக்னல் கிடைத்த இடத்தில் மச்சான் என் மனைவிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தான்.

"இன்னா பாம்பு?" என்றாள்.

"பாக்கல."

"அதக்கூட பாக்காம அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

இதற்கு உள்ளபடி பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டும்போது கண் இருட்டியது. விஷம்தான் என்று நினைத்தேன். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சமவெளியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் வாசலில், நோயாளியின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று ஒரு பலகை. பலகைக்கு அடியில் மலைபோலச் செருப்புகள். அதில் தடுக்கிக் கீழே விழப்பார்த்தேன். முதல் கடமை தப்பித்தது.

சிஸ்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் துண்டைப் பார்த்தார். "யாரு கட்டுனது இது?"

"நான்தாங்க" என்றான் மச்சான், மெடல் வாங்க நிற்கிறவன் மாதிரி.

"காலயே எடுக்க வெச்சிடுவ போல இருக்குதே!"

அவர் மெதுவாகத் துண்டைத் தளர்த்த ஆரம்பித்ததும் நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே விஷமெல்லாம் அணைத் தண்ணீர் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறது. துண்டை எடுத்தால் மதகு திறந்த கதைதான் என்பது என் எண்ணம். "வேணாங்க சிஸ்டர், மேல ஏறிடும், மேல ஏறிடும்!" என்று கத்தினேன். துண்டை ஒரு பக்கம் சிஸ்டர் இழுக்க, ஒரு பக்கம் நான் இழுக்க, கொஞ்ச நேரம் தயிர் கடைந்தோம். அவர்தான் ஜெயித்தார்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கடிவாயைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். "எதைப் பாத்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுதா?"

என் வாய் சும்மா இருக்குமா? உடம்பு நடுங்கும்போதும் அது தன் தொழிலைப் பார்க்கும். "மச்சான் ஒருத்தன்தாங்க, ஆனா ரெண்டு பேரு தொல்லை" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்து இரண்டு கண்ணிலும் மாறி மாறி அடித்தார். "ரெண்டா தெரியுதுங்கறீங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க, ஒன்னாத்தான் தெரியுது! சும்மா சொன்னேங்க!"

"இங்க சும்மா சொல்லாதீங்க. நீங்க சொல்றத வெச்சுத்தான் மருந்து."

வாழ்க்கையில் என் பேச்சை ஒருவர் இவ்வளவு மதித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு நான் லாயக்கில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது.

கையில் ஒரு ஊசி போட்டார்கள், அது தடுப்பூசியாம். பிறகு சிஸ்டர் ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கட்டில் பக்கத்தில் இருந்த மேஜை மேல் தாங்கியில் செருகி வைத்தார். டாக்டரம்மா சொன்னார்: "இருபது நிமிஷம் கழிச்சு சாய்ச்சுப் பாப்போம். ரத்தம் உறைஞ்சிருந்தா விஷம் ரத்தத்துல வேலை செய்யலன்னு அர்த்தம். தண்ணியா ஓடுச்சுன்னா விஷமுறிவு மருந்து ஏத்தணும்." சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற இன்னொரு கேஸைப் பார்க்க ஓடினார். சிஸ்டர் போகிற போக்கில், "யாரும் அதத் தொடாதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

ஏன் தொடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று சொல்வது அவர்கள் வழக்கமில்லை. ஏன் என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை. அதட்டல்தான் பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதட்டியவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இஷ்டப்படி செய்வதுதான் சாமர்த்தியம் என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த ஏற்பாட்டில் இத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதே ஆச்சரியம்.

ஆக, என் உயிர் ஒரு சுண்டுவிரல் அளவு குழாயில் மேஜை மேல் நிற்கிறது. உறைந்தால் நைனார்பாளையம். ஓடினால் என்னவோ, யாருக்குத் தெரியும். நான் படுத்தபடியே அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக இருந்தது. அதைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை.

"மச்சான், ஒறையுதா?"

"நின்னுக்கினு இருக்குது மாமா."

"நின்னா எப்படிடா தெரியும்? லேசா சாச்சிப் பாரு."

"சிஸ்டர் தொடாதன்னாங்களே."

"குழாயத்தான தொடாதன்னாங்க? தாங்கியப் புடிச்சு சாயி."

சட்டம் படிக்கப் போகாமல் போனேன். மச்சான் தாங்கியைச் சாய்த்தான். "ஓடுது மாமா." கொஞ்சம் பொறுத்து, "இப்பப் பாரு" என்றேன். "இப்பவும் ஓடுது." இன்னும் கொஞ்சம் பொறுத்து, இந்தத் தடவை குழாயையே உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டீ மாஸ்டர் கிளாஸைச் சுழற்றுகிற மாதிரி ஒரு சுழற்று சுழற்றினான். "தண்ணிதான் மாமா. ஒன்னும் ஒறையல." இப்படி எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. சாகப்போகிறவன் எண்ணிக்கொண்டா இருப்பான்? ஒவ்வொரு தடவையும் என் கால் இன்னும் கொஞ்சம் கனத்தது, நெஞ்சு இன்னும் கொஞ்சம் அடைத்தது, தொண்டையில் ஏதோ ஏறியது. இமை சொருகுகிற மாதிரிகூட இருந்தது. விஷத்தின் அறிகுறிகள் எனக்கு முன்னமே தெரிந்தவை. டீக்கடையில் மற்றவர்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறேன்.

சிஸ்டர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் குழாய் தாங்கிக்குள் போய்விட்டது. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், சுவரில் படம் ஓடுகிற மாதிரி.

சிஸ்டர் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் முகம் மாறியது. "டாக்டர்!" என்று கூப்பிட்டார். ஒரு தட்டில் மருந்துக் குப்பிகள் வந்தன. பக்கத்தில் தனியாக ஒரு ஊசியில் வேறொரு மருந்தும் நிரப்பி வைத்தார்கள்.

"அது இன்னாதுக்குங்க?" என்றேன்.

"விஷமுறிவு மருந்து சில பேருக்கு ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு திணறும். அப்படி ஆனா உடனே போட" என்றார் டாக்டரம்மா. "பயப்படாதீங்க, நாங்க பக்கத்துலயே இருப்போம். தேவைன்னா இதை விட நல்ல மருந்து கிடையாது. தேவையில்லாம மட்டும் குடுக்கக்கூடாது."

விஷத்துக்கு ஒரு மருந்து. அந்த மருந்துக்கு ஒரு மருந்து. இரண்டாவது மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்று கேட்க நினைத்தேன், அதற்குள் டாக்டரம்மா கால்மாட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா மறுபடி என் காலைப் பார்த்தார். வீக்கம் இல்லை. கடிவாயில் ரத்தம் நின்றிருந்தது. ஈறில் கசிவு இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குழாயை இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இத யாராவது தொட்டீங்களா?"

"இல்லீங்க" என்றோம், இரண்டு பேரும், ஒரே குரலில், பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி.

இந்த இல்லீங்க இருக்கிறதே, இதுதான் எங்கள் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரே தற்காப்பு. சாப்பிட்டீங்களா, இல்லீங்க. நாட்டு மருந்து எதாவது, இல்லீங்க. குடிப்பீங்களா, ஐயோ இல்லீங்க. திட்டு வாங்காமல் தப்பிப்பதற்காக உயிரை விடக்கூடத் தயாராக இருக்கிற ஜனம். அந்த நிமிஷத்தில் எனக்கு மட்டும் என்ன யோசனை ஓடியது என்கிறீர்கள்? மருந்து ஒத்துக்கொள்ளாமல் செத்தாலும் பரவாயில்லை, சிஸ்டர் திட்டாமல் இருக்க வேண்டும் என்று ஓடியது.

என்னைக் காப்பாற்றியது மச்சானின் முட்டாள்தனம். அதைப் போல நம்பகமான பொருள் உலகத்தில் வேறில்லை. டாக்டரம்மா சந்தேகப்படுகிறார், நாம்தான் சாட்சி சொல்லி உதவ வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"சந்தேகமே வேணாங்க டாக்டரம்மா. நான் பாத்துக்கினே இருந்தேன். எத்தினி வாட்டி சாச்சிப் பாத்தாலும் தண்ணியாத்தாங்க ஓடுச்சு. குலுக்கிக்கூட பாத்தேன்."

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தவர்கூட முனகலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"குலுக்குனியா?" என்றார் சிஸ்டர்.

"லேசாத்தாங்க."

"ஏம்ப்பா, வூட்ல பாலுக்கு உறை ஊத்திட்டு சட்டிய ஆட்டிக்கினே இருப்பியா? தயிரு உறையுமா?"

மச்சான் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஒறையாதுங்க."

"அப்புறம் ரத்தம் மட்டும் எப்படி உறையும்?"

இதைத்தான் அந்த அம்மாள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தயிர்ச் சட்டி என்ற ஒரு வார்த்தைக்கு அங்கே பஞ்சம். தொடாதே என்ற வார்த்தை மட்டும் மூட்டை மூட்டையாக இருப்பு.

டாக்டரம்மா குப்பித் தட்டைக் கையெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார். "உடம்புல ஒரு அறிகுறியும் இல்ல. அதனால இன்னொரு வாட்டி புதுசா பாக்கறேன். நடுவுல சின்ன மாறுதல் தெரிஞ்சாலும் மருந்த ஆரம்பிச்சிடுவேன்." என்னிடம் குனிந்து, "எதாவது பண்ணுச்சுன்னா உடனே சொல்லுங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஜோக் வேணாம்" என்றார்.

புதுக் குழாய், புது ரத்தம். டாக்டரம்மா மச்சானைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்தினார். "நீங்கதான் இதுக்குக் காவல். யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்." சிஸ்டரிடம் இவனைப் போயா என்கிற பார்வை இருந்தது. எனக்கும் அதே பார்வைதான்.

ஆனால் ஆளே மாறிப்போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பி விட்டான். ஃபேன் காற்று படுகிறது என்று எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான், பக்கத்துக் கட்டில்காரர் வியர்த்து ஊற்றி, "யோவ், எனக்குக் காச்சல்யா!" என்று புலம்பினார். "ஓர் உயிரு கீதுய்யா இதுல" என்று அவரை அடக்கினான். நான் "ஒறையுதா?" என்று கேட்டபோது, "பேசாத மாமா, ஆடும்" என்றான்.

அந்த நேரம் முழுக்க நான் என்னையே தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நெஞ்சு அடைக்கிறதா? அடைக்கிறது. எதனால்? தெரியாது. சொல்லலாமா? சொன்னால் மருந்து ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் செத்துப்போவேன். உள்ளதை உள்ளபடி சொல் என்கிறார்கள், எது உள்ளது என்று தெரிந்தால் அல்லவா சொல்ல? ஊரிலே யாருக்கு எது நடந்தாலும் ஒரு வசனம் வைத்திருந்தவன், என் சொந்த நெஞ்சைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாமல் விழித்தேன். கடைசியில், "நெஞ்சு படபடங்குதுங்க" என்று கத்தியே விட்டேன். டாக்டரம்மா வந்து நாடி பார்த்தார், இமை பார்த்தார், நீளமாக மூச்சு விட்டுக்கொண்டே எண்ணச் சொன்னார். "பயம்தான். வேற ஒன்னும் இல்ல" என்றார்.

என் வசனத்தை என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

நேரமானதும் சிஸ்டர் வந்து குழாயை எடுக்கக் கையை நீட்டினார். மச்சான் குறுக்கே நின்றான்.

"யாரும் தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"யோவ், நான்தான்யா அத வெச்சதே!"

"இருக்கலாங்க. அவங்க வரட்டும்."

டாக்டரம்மா வந்த பிறகுதான் வழி விட்டான். அவர் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். அடியோடு கவிழ்த்தார். கெட்டித் தயிர் மாதிரி அப்படியே நின்றது. டாக்டரம்மா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. குப்பித் தட்டு திரும்பிப் போனது. ஒரு நாள் வைத்திருந்து இடையிடையே இதே மாதிரி பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மச்சான்தான் காவல். ஒவ்வொரு தடவையும் தயிர் உறைந்தது. கடித்தது விஷமில்லாத பாம்பா, விஷம் இறக்காமல் சும்மா கொத்திவிட்டுப் போனதா, அல்லது ஓணானைப் பார்த்து முள்ளில் கீறிக்கொண்டேனா, யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் சிஸ்டர் கொடுத்த மிளகுப் பொங்கலில் காரம் தெரிந்தது. அப்போதுதான் நாக்கும் டீயும் ஞாபகத்துக்கு வந்தன.

உயிரோடு வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். என் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"எத்தினி பாட்டில் ஏத்துனாங்க?"

"ஏத்தல. தேவைப்படல."

"ஊசி?"

"கையில ஒன்னு."

"கையில போடறதெல்லாம் ஒரு ஊசியா? பாம்பு கடிச்ச மனுசன ஒரு பாட்டில் கூட ஏத்தாம அனுப்பிட்டாங்களா? நீங்க ரெண்டு பேரும் சும்மாவா பாத்துக்கினு இருந்தீங்க?"

"சும்மா பாத்துக்கினு இருந்ததாலதான் அக்கா பொழைச்சாரு" என்றான் மச்சான். அவன் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம். யாரும் காதில் வாங்கவில்லை. பார்க்க வந்த சொந்தங்கள் எல்லாம் என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். பாட்டில் ஏற்றிய தழும்பு இல்லை, பிளாஸ்திரி இல்லை. ஏமாற்றமாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்து கொடுக்காமல் விடுவதற்கும் ஒரு வைத்தியர் வேண்டும் என்று நான் பிரசங்கம் பண்ணினேன். தயிர்ச் சட்டி உதாரணமெல்லாம் சொன்னேன். பிரமாதமாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் எங்களை ஒரு ஆட்டோவில் ஏற்றி, சின்னசேலம் பக்கம் இருக்கிற ஒரு ஊசிக்காரரிடம் என் மனைவி அழைத்துப் போனாள். காய்ச்சலோ கால்வலியோ, யார் எதற்குப் போனாலும் இடுப்பில் ஒன்று போட்டு அனுப்புகிறவர். என் பெயர் கேட்கவில்லை. என்ன கடித்தது என்று கேட்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. எதையும் கேட்காததால்தான் அவர் கெட்டிக்காரர் என்று எங்கள் பக்கத்தில் பெயர்.

"இன்னா மருந்துங்க?" என்றேன் குப்புறப் படுத்தபடி.

"நல்ல மருந்து" என்றார்.

இத்தனை கேலி பேசுகிறவன் எழுந்து வந்துவிட்டிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஊசி இடுப்பில் சுரீரென்று இறங்கியது. அந்த நொடியில் நெஞ்சடைப்பு விட்டது. தொண்டையில் இருந்தது இறங்கியது. முந்தின நாளிலிருந்து கனத்துக்கொண்டிருந்த கால் இலகுவாகிவிட்டது.

வெளியே வந்தபோது மச்சான் என் முகத்தைப் பார்த்தான். "இப்பத்தான் மாமா உனக்கு ரத்தம் ஒறைஞ்ச மாதிரி இருக்குது" என்றான்.